கோட்டில் நிற்காத முள்

முள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மயிரளவுதான். வதனி மாடிப்படியின் கடைசிக் கட்டில் குந்தியிருந்து தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள், கோட்டில் நிற்பதுபோல இருந்தது. வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள், இறங்கித்தான் இருந்தது. நேரே பார்க்க மனம் வரவில்லை. தண்ணீரின் அமுக்கம் காட்டுகிற மீற்றர் கண்ணாடியில் அவள் புருசன் கேதீஸ் நேற்றுப் பின்னேரம் கறுப்புப் பேனையால் கீறிவிட்ட கோடு ஆறு என்ற இலக்கத்துக்கு நேரே நிற்கிறது. கோடு அசையாது. அசையக்கூடியது முள் மட்டும்தான். கீழ்த்தளம் முழுக்க, குசினி, முன்னறை, மகள் ஆரணியின் அறை, அதுக்குப் பின்னால் இன்னும் பெயர் வைக்காத சின்ன அறை என்று நாலு அறையிலும் பழைய பலகை நிலத்தைக் கிளப்பி எறிந்து, தோண்டி, கல் பரப்பி, வெள்ளை றெஜிபோம் நுரைப்பலகை அடுக்கி, பொலித்தீன் விரித்து, அதுக்கு மேல் பிளாஸ்ரிக் குழாயை முறுக்குப் பிழிந்த மாதிரிச் சுற்றிச் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறான். எழுநூறு மீற்றர். அதுக்குள் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அமுக்கி, ஆறில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பதினொரு மணிக்குக் கொங்கிறீற் லொறி வரும், குழாயெல்லாம் மூடுண்டு போகும், பிறகு அதுக்குள்ளே சுடுதண்ணீர் ஓடும், இந்த ஊர் மாரியிலும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கலாம். "முள் ஆறில நிண்டால் குழாயில ஓட்டை இல்லை. இறங்கினால் எங்கையோ ஒழுகுது. அவ்வளவுதான் சங்கதி. நீர் இதில இருந்து பாரும், வேற ஒண்டும் செய்யவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஆரணியைச் சிறுவர் பள்ளியில் விடவும் முழங்கால் சப்பாத்தும் மட்டப்பலகையும் இரவல் வாங்கவும் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வேற ஒண்டும் செய்யவேண்டாம். அவள் வேறு ஒன்று செய்துவிட்டாள்.

இப்போது ஒன்பது பத்து. "குளிர் கூடினால் தண்ணி சுருங்கும், முள் கொஞ்சம் இறங்கும், அதுக்குப் பயப்பிடாதையும்" என்றும் சொல்லியிருந்தான். கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டு வைத்திருக்கலாம். உப்புக் கொஞ்சம் என்றால் விரல் நுனி, மிளகாய்த்தூள் கொஞ்சம் என்றால் கரண்டி, முள் கொஞ்சம் என்றால் என்ன அளவு. வெளியே சைபருக்குக் கீழே மூன்று. நோர்வேயின் வடக்கு அந்தத்தில், மீன் தொழிற்சாலையும் ஒரு கடையும் ஒரு வெள்ளைக் கிறிஸ்தவக் கோயிலும் உள்ள கடற்கரை ஊரில் ஒக்டோபர் என்றால் இப்படித்தான். கதவும் இரண்டு தரம் திறபட்டது. குளிர்தான். குளிரால்தான். ஆனால் எட்டே முக்காலுக்கும் இந்த முள் இதே இடத்துக்கு இறங்கியிருந்தது, அவள் பம்பின் கைபிடியை ஒரேயொரு தரம் அமத்தினாள், முள் சொல்வழி கேட்கிற பிள்ளையாக எழும்பிக் கோட்டில் நின்றது. இருபத்தைந்து நிமிசம் ஆகவில்லை, திரும்ப இறங்கியிருக்கிறது. குளிர் இருபத்தைந்து நிமிசத்துக்கு ஒருக்கால் மணியடித்துக்கொண்டா வருகிறது. இரவு முழுக்க நின்ற முள். காலையில் எழும்பின கையோடு கேதீஸ் ரோச் அடித்துப் பார்த்து, "பாரும், சுவரில ஒட்டின மாதிரி நிக்குது" என்று சிரித்த முள். இரவு இதைவிடக் குளிர்தானே. மேலே தட்டில் நாற்பது றோல்ஸ் சுட்டு அடுக்கி வைத்திருக்கிறாள், லொறிக்காரனுக்கும் சேர்த்து. கொங்கிறீற் போடுகிற நாளில் வேலைக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. றோல்ஸ் எண்ணெய் மணம் படியால் இறங்கி வந்து புதுப் பிளாஸ்ரிக் மணத்தோடு கலந்தது.

எட்டு மணிக்கு வான் வண்டியின் பின்பக்கச் சிவப்பு வெளிச்சம் வளைவில் மறைந்ததும் அவள் சின்ன அறைக்குள் போனாள். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதுக்குள் பாதம் வைத்து வைத்துக் கெந்திக் கெந்திப் போனாள். கையில் சுத்தியல், கூரைத் தகரத்துக்கு அடிக்கிற தடித்த ஆணி ஒன்று, சட்டைப் பைக்குள் சின்னப் பொன் பஞ்சாயுதம். யன்னலுக்குக் கீழே மூலையில் குழாய் வளைகிற இடம். குழாயை ஒரு விரலளவு தூக்கிப் பஞ்சாயுதத்தை அடியில் செருகினாள். சுடுகிற குழாய் அதில் முட்டிக்கொண்டு கிடக்கவேண்டும், அதுதான் அவளுடைய கணக்கு. அப்படியே விட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். விட்டிருந்தால் இப்போது மேலே போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்று கிழமையாகப் பின்னேரம் பின்னேரம் புருசனோடு முழங்காலில் நின்று குழாய்க்குக் கவ்வி குத்தினவள் அவள். அரை முழத்துக்கு ஒரு கவ்வி. "இறுக்கிக் குத்தும் வதனி. இறுக்காட்டில் கொங்கிறீற் ஊத்தேக்க எல்லாம் மிதந்து மேல வந்திடும்." ஒவ்வொரு நாளும் சொன்னான். தலைக்குள் பதிந்துவிட்டது. எல்லாம் மிதந்து மேல வந்திடும். அவன் குனிந்து மட்டப்பலகை இழுக்கிற நேரத்தில் சாம்பல் குழம்புக்கு மேலே மஞ்சளாய் ஒன்று மினுங்கிக்கொண்டு வந்தால். அவன் அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தால். அந்தப் பயத்தில்தான் பஞ்சாயுதத்தின் வளையத்துக்குள்ளால் ஆணியைச் சரிவாக வைத்து மூன்று அடி அடித்தாள். இரண்டு அடிக்கு றெஜிபோம் முறுகிற சத்தம். மூன்றாவது அடிக்குத் தேங்காயின் கண்ணைக் குத்தினதுபோல் எதுவோ விட்டுக் கொடுத்தது. சீ என்று ஒரு சின்ன மூச்சு. மேலே கேத்தில் கொதிக்கிறது என்று நினைத்தாள். கேத்தில் போடவேயில்லை என்பது படி ஏறி முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சாயுதம் அவளுடைய அம்மா காரைநகரில் செய்வித்து, ஒஸ்லோவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு ஐந்தும் குண்டுமணி குண்டுமணியாக வெட்டின ஒரு சின்னப் பொன் துண்டு. பிள்ளையைக் காக்கிற ஆயுதம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு இரண்டாவது பிள்ளை ஆதிரனின் கழுத்தில் கறுப்பு நூலில் கட்டிவிட்டார்கள். ஊரில் என்றால் வீடு நிறையச் சனம், இங்கே அவளும் கேதீசும் இரண்டு வயது ஆரணியும் மட்டும். கேதீஸ்தான் முடிச்சுப் போட்டான், மீன்வலை முடிச்சு, "இது அவிழாது பாரும்" என்றான். அது அவிழவில்லை. இருபது நாள் கழிந்து அவள் அதைக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில், ஒரு நேர்ஸ் வெளியே போய்த் துவாய் எடுத்துவருவதற்குள். பிள்ளைக்குக் கடைசி உடுப்பு மாற்றிவிடத் தாயை விட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சின்னக் கம்பளிச் சப்பாத்து. ஏன் வெட்டினாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கை வெட்டியது, கை எடுத்துக் கையுறைக்குள் போட்டது. எல்லாவற்றையும் தாரைவார்க்க முடியாது என்று கைக்குத் தெரிந்திருக்கும். காரில் ஏறியதும் கேதீஸ் கேட்டான், "பஞ்சாயுதம் போட்டுத்தானே விட்டனீர்?" "ஓம்." "நூல் இறுக்கமா இருக்கேல்லைத்தானே?" "இல்லை." அவ்வளவுதான். அந்த ஓம் வெளியே வந்து இரண்டு வருசமும் எட்டு மாதமும் ஆகிறது. சப்பாத்துக்குள் போன கல் மாதிரி அதோடேயே நடந்து பழகிவிட்டாள். சில நாள் கல் இருப்பதே மறந்துபோகும். ஆரணியோடு சேர்ந்து சிரிப்பாள், கடைக்குப் போய்க் கழிவு விலையில் போட்ட மிளகாயைக் கிண்டி எடுத்துக்கொண்டு வெற்றிவீராங்கனையாக வருவாள், பிறகு அடி எடுத்து வைக்கிறபோது குத்தும்.

முள் இன்னும் ஒரு மயிர் இறங்கியது. அல்லது அவள் கண் இறங்கியது. வெயில் வந்தால் தெரியும். வெயில் பத்துக்குத்தான் மலைக்கு மேலே வரும். வெயில். அதை நினைக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள், நினைத்ததும் அது வந்து குந்திவிட்டது. ஆதிரன் பிறந்தது மார்கழியில், பகல் என்று ஒன்று இல்லாத மாதத்தில். வெளியே எந்நேரமும் இருட்டு, பனி, தெருவிளக்கு. ஒரு பிள்ளை பிறந்து நாற்பது நாளாக வெயிலைக் காணவில்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. அவளுடைய ஊரில் குழந்தைக்கு எண்ணெய் பூசி இளவெயில் காட்டுவார்கள், மஞ்சள் காமாலை பிடிக்காது, எலும்பு உரம் வரும், காலங்காலமாகச் செய்கிறது. மாசியில் ஒரு நாள் வெயில் திரும்பி வந்தது. அப்போது அவர்கள் இருந்த வாடகை வீட்டின் யன்னலால் ஒரு துண்டு வெயில் நிலத்தில் விழுந்தது, தலையணை உறை அளவு, மஞ்சளாய், வெண்ணெய் மாதிரி. அவள் சந்தோசத்தில் அழுதாள். எண்ணெய் பூசின பிள்ளையை ஒரு மெல்லிய துணியை விரித்து அந்த வெயிலில் கிடத்தினாள். வெயில் நகர நகரத் துணியையும் இழுத்து இழுத்து நகர்த்தினாள். முக்கால் மணித்தியாலம். ஆதிரன் கையைக் காலை அடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்துக் கண் கூசினான். அடுத்த நாளும் கிடத்தினாள். அதுக்கடுத்த நாளும். வெயில் என்றால் சுடும் என்பதை யாராவது அவளுக்குப் படிப்பித்தார்களா என்ன, பிறந்த நாளிலிருந்து முதுகில் பட்டு அறிந்தது. சுடாத வெயில் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள். வெயிலுக்குக் கீழே நிலம் ஐஸாக இருந்தது. அவள் காலில் இரண்டு சோடி காலுறை. ஐந்தாம் நாள் பிள்ளை இருமியது. எட்டாம் நாள் நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்பியது.

அவளுக்கு அப்போது நோர்வே மொழி வாயில் வராது. ஆரணி பிறந்ததால் வகுப்புக்குப் போவது பிந்திப்போனது. டொக்டர் கேட்டதைக் கேதீஸ் தமிழில் கேட்டான், அவள் சொன்னதை அவன் அந்த மொழியில் சொன்னான். "பிள்ளைக்கு எங்கையாவது குளிர் பட்டதோ எண்டு கேக்கினம்." "நிலத்தில கிடத்தினனான். வெயில் படட்டும் எண்டு. நிலத்தில." அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு டொக்டர் பக்கம் திரும்பிச் சொன்னான், ஒரே வசனம், டொக்டர் தலையாட்டி எழுதினார். கிருமி, நெஞ்சுக்குள் போய்விட்டது, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இப்படி நடக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். ஒரு வருசம் கழித்து மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு அறையின் படத்தைக் காட்டினாள். மேசை. கதிரை. நிலத்தைத் தொட்டுக் காட்டி, குல்வ் என்றாள். கட்டிலைத் தொட்டு, செங். எல்லோரும் சேர்ந்து, குல்வ், செங். வதனியின் வாய் பாதியில் நின்றது. அன்றைக்கு அவன் சொன்ன வசனத்தில் குல்வ் இருக்கவில்லை. செங் இருந்தது. அந்த வசனத்தைத் தலைக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், கல்யாண வீட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறதுபோல. செங் தான். வெயில் படுகிற கட்டிலில் பிள்ளை கிடந்தது என்று சொல்லியிருக்கிறான். தன் மனிசியை அந்த வெள்ளைக் கோட்டுக்காரருக்கு முன்னால் காட்டிக் கொடுக்க மனமில்லாமல் நிலத்தை எடுத்துவிட்டுக் கட்டிலைப் போட்டிருக்கிறான். அதைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் இந்த வீட்டை விலைக்குப் பார்க்க வந்த நாளில் அவன் வாசலிலேயே குனிந்து காலுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஒவ்வொரு அறையாகப் போய் நின்றான். வீடு விற்பவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "நிலம் முழுக்கக் கிளப்பவேணும்" என்றான். நிலம் என்ற சொல்லை அவன் வாயால் அன்றைக்குத்தான் கேட்டாள். பிறகு குழாய் வந்தது, சுருள் சுருளாய். ஒவ்வொரு சுற்றையும் அவன் படுக்கவைக்கும்போது, நிலத்தில, நிலத்தில, நிலத்தில என்று அவளுக்குக் கேட்கும். ஒரு சொல்லும் பறையாமல் எழுநூறு மீற்றர் நீளத்துக்குப் பேசுகிற மனுசன்.

தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"என்ன, முள்ளுக்குக் காவல் இருக்கிறீரோ, இல்லை றோல்ஸுக்கோ?"

"ரெண்டுக்கும்."

"லொறி புறப்பட்டிட்டுதாம். நான் பின்னால வாறன். முள் எவ்வளவு?"

வதனி முள்ளைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். "ஆறு."

"கோட்டிலதானே?"

"ஓம்."

அதே ஓம். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, எண்ணெய் போட்டு வைத்ததுபோல. அவன் எதையோ சந்தோசமாகச் சொன்னான், இரவல் சப்பாத்து இரண்டும் இடது கால்தான், கெந்திக் கெந்தித்தான் மட்டம் தட்டப்போகிறேன் என்றோ என்னவோ, அவள் சிரித்தும் வைத்தாள். சிரிப்பு முடியுமுன் பம்பின் கைபிடியை அமத்தினாள். முள் ஏறியது. இப்படியே லொறி வரும்வரை அமத்திக்கொண்டிருந்தால் போதும். கொங்கிறீற் போட்டபின் குழாயைக் கண்ணால் காண யாரும் வரப்போவதில்லை. ஒரு ஆணிதானே, ஆணியே ஓட்டைக்கு மூடியாகவும் கிடக்கிறதுதானே, துரு ஏறி அப்படியே அடைபட்டுப் போகலாம். ஆனால் தண்ணீரின் குணம் அவளுக்குத் தெரியும். நின்ற இடத்தில் நிற்காது. றெஜிபோமுக்குக் கீழே இறங்கும், கல்லுக்குள் போகும், சுவர்ப் பலகையில் ஏறும், ஒரு மாரி கழிய மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பூக்கும், கேதீஸ் ஒவ்வொரு நாளும் முள்ளைப் பார்த்து ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி, எங்கை பிழைவிட்டன் நான், எங்கை பிழைவிட்டன் என்று தன் கவ்விகளை, தன் வளைவுகளைத் தன் தலைக்குள் ஒன்றொன்றாகக் கிளப்பிப் பார்ப்பான். அவன் அப்படித்தான். பிழையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிற ஆள். கடைசியில் இயந்திரம் கொண்டுவந்து கொங்கிறீற்றை உடைப்பான். அந்தச் சின்ன அறையில், யன்னலுக்குக் கீழே, தூசுக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. அப்போது அவன் முகம் எப்படியிருக்கும்.

அவள் எழும்பிச் சின்ன அறைக்குள் போய் மூலையில் குந்தினாள். ஆணியின் தலை மட்டும் தெரிந்தது. பொலித்தீனில் ஒரு துளி நின்றது. விரலால் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இன்னொரு துளி ஊறி வந்து உருண்டையாய் நின்றது. ஆணியைப் பிடுங்கலாமா. பிடுங்கினால் பீறிட்டு அடிக்கும், மறைக்க ஒன்றும் மிஞ்சாது. வெயில் மலைக்கு மேலே வந்துவிட்டது போல, யன்னலால் ஒரு துண்டு விழுந்து குழாய்களுக்குக் குறுக்கே கிடந்தது. அதே அளவு. தலையணை உறை அளவு. அவள் கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. இந்த இடத்தைத்தான் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள், இந்த வெயில் விழுகிற மூலை, கீழே குழாய் சுடும், மேலே வெயில் படும். அங்கே கோயிலடிச் சவக்காலையில் கிடக்கிற பிள்ளைக்கு அவளால் ஒன்றும் செய்யமுடியாது. அந்த மண் மாசியில் கல்லாக இறுகிப்போய்க் கிடந்தது, மண்வெட்டி பாயவில்லை. அதுக்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழி வெட்டுகிற இடத்தில் இறப்பர்க் குழாயைச் சுற்றிச் சுற்றி வைத்து, மேலே தடித்த போர்வை மூடி, குழாய்க்குள் சுடுதண்ணீர் ஓடவிட்டு இரண்டு நாள் மண்ணை இளக்குகிறார்கள். கேதீஸ் இரண்டு நாளும் போய் அதுக்குப் பக்கத்தில் நின்றான். வீட்டுக்கு வந்து, "இப்ப நல்லாச் சுடுது வதனி, கை வைச்சுப் பார்த்தனான்" என்றான். அவளும் ஆறுதலாகத்தான் கேட்டுக்கொண்டாள். பெட்டி இறங்கினதும் அந்த மனுசர் குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு எங்கேயோ தேவைப்பட்டிருக்கும். அன்று பின்னேரம் மைனஸ் பதினெட்டு. அவர்கள் குழாயைச் சுருட்டினதை அவளால் மறக்க முடியவில்லை. அவனாலும் முடியவில்லை என்பதை, பழைய நிலத்தைக் கிளப்பின நாளிலிருந்து ஐந்து கிழமையாக முழங்காலில் தவழ்ந்த அவனுடைய முதுகைப் பார்க்கப் பார்க்க விளங்கிக்கொண்டாள். விளங்கியும் கேட்கவில்லை. கேட்டால் நிலம் என்ற சொல் வரும்.

லொறி பின்பக்கமாக வருகிற பீப் பீப் சத்தம் முற்றத்தில் கேட்டது. பத்தே முக்கால்தான் ஆகிறது. அவள் பாய்ந்து படியடிக்கு வந்தாள். முள் ஐந்தரை. கை பம்பின் மேல் இருந்தது. ஒரு அமத்து. கதவு திறக்கவும் அமத்தவும் சரியாக இருக்கும். கதவு திறந்தது. குளிரும் கேதீசும் உள்ளே வந்தார்கள். உண்மையாகவே இரண்டு இடது கால் சப்பாத்துப் போட்டிருந்தான்.

"எவ்வளவு?"

"அஞ்சரை."

"என்னது?"

"ரெண்டு தரம் பம்ப் அடிச்சனான். உங்களுக்கு ஆறு எண்டு பொய் சொன்னனான். சின்ன அறை, யன்னலுக்குக் கீழ. நான்தான் ஆணி அடிச்சனான்."

கேதீஸ் அவளையும் மீற்றரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வருமுன் பகிடிதான் வரும், எப்போதும் அப்படி. "ஆணியோ? நிலத்தில படம் கொழுவப் போறீரோ?" என்றான். லொறிக்காரனுக்குக் கையைக் காட்டி எதையோ சொன்னான். நரைத்த தாடிக்காரன் மணிக்கூட்டைத் தட்டி, அரை மணித்தியாலம், அதுக்கு மேல் கொங்கிறீற் பொறுக்காது என்றான். வதனி றோல்ஸ் தட்டை அவனுடைய கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். கேதீஸ் மூலையில் முழங்காலில் நின்றான். அமுக்கத்தைத் திறந்து விட்டிருந்தான். குறட்டால் ஆணியைக் கௌவி இழுத்தான். ஆணி வந்தது, பஞ்சாயுதமும் வளையத்தோடு அதில் தொங்கிக்கொண்டு வந்தது.

அவன் அதைக் குறட்டோடு வெயிலுக்கு நேரே பிடித்தான். வெளியே லொறியின் வயிறு உருளுகிற சத்தம்.

"பெட்டியை மூட முதல் நான் பார்த்தனான்" என்றான். "கழுத்துப் பட்டியை விலத்திப் பார்த்தனான். இல்லை."

"பேந்து ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீர் ஓம் எண்டு சொன்னனீர்."

அதுக்கு மேல் சொல்ல நேரமில்லை. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், பஞ்சாயுதத்தை வைக்க இடமில்லை. ஆணியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேலைக்காரர் ஆணியைக் கௌவுகிறதுபோல அதை உதட்டுக்கிடையில் கௌவிக்கொண்டான். குழாயை வெட்டினான். ஓட்டை விழுந்த துண்டை எடுத்தான், இணைப்பு வைத்து இறுக்கத் தொடங்கினான். உதட்டுக்கு நடுவில் சங்கும் சக்கரமும். அவனால் பேசமுடியாது. அதைக் கண்டதும் வதனிக்கு வாய் திறந்தது.

"டொக்டரிட்ட நீங்கள் கட்டில் எண்டு சொன்னனீங்கள். நான் நிலம் எண்டு சொன்னனான். எனக்கு அப்ப விளங்கேல்லை, வகுப்பிலதான் விளங்கினது. நான்தான் அவனை நிலத்தில கிடத்தினனான். அஞ்சு நாள். வெயிலோட இழுத்து இழுத்துக் கிடத்தினனான்."

அவன் தலை நிமிரவில்லை. இறுக்கினான். இன்னும் ஒரு சுற்று. கழுத்து நரம்பு புடைத்தது. மற்றப் பக்கத்தையும் இறுக்கி முடித்து, கையைத் துடைத்து, உதட்டிலிருந்து அதை எடுத்தான்.

"நிலம் எண்டு நான் சொல்லியிருக்கவேணும்."

"சொல்லியிருந்தால்?"

"தெரியாது" என்றான். "அதுதானே. தெரியாது."

பம்ப் அடித்தது அவள். அவன் இணைப்பில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு துளி ஊறுகிறதா என்று. முள் ஆறுக்கு வந்தது. பத்து நிமிசம். அவர்கள் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாடிக்காரன் எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, தடித்த குழாயை யன்னலால் நீட்டினான். முதலில் ஒரு இருமல், பிறகு சாம்பல் குழம்பு கொட்டியது. தூரத்து மூலையிலிருந்து தொடங்கவேண்டும். சின்ன அறையிலிருந்துதான். கேதீஸ் கையுறையைக் கழற்றி எறிந்தான். பஞ்சாயுதத்தைக் குழாய்க்கு அடியில் பழைய இடத்தில் செருகி, வெறும் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு குந்தினான். குழம்பு வெயில் துண்டை மூடிக்கொண்டு வந்தது, குழாயை மூடியது, அவன் விரலை, மணிக்கட்டை மூடியது. லொறிக்காரன், எழும்பு, எழும்பு என்று அவனுடைய மொழியில் கத்தினான்.

"முள்?" என்று கேதீஸ் கேட்டான்.

வதனி போய் முள்ளை நேரே பார்த்துவிட்டு வந்தாள். "ஆறு. கையை எடுங்கோ, சீமெந்து தோலைத் திண்டிடும்."

"பொறும்" என்றான் அவன், மூலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இப்ப எடுத்தால் மிதந்து வந்திடும்."